முகப்பு யாருக்குச் சொந்தம்?

ஒரு கட்டடத்துக்குப் பணம் போடுபவர் அதன் உரிமையாளர். சுவரும் கூரையும் அறைகளும் அவருடையவை. தெருவைப் பார்த்து நிற்கும் முகப்பும் அவருக்கு மட்டுமே உரியதா? ஹைதராபாத் நகரம் இக்கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் இரண்டு விடைகளைச் சொல்லியிருக்கிறது. முதல் விடையைப் பழைய நகரின் பத்தர்கட்டியில் காணலாம். இரண்டாம் விடை ராய்துர்கத்திலும் நானக்ராம்குடாவிலும் நாள்தோறும் உயர்ந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பாரம்பரியக் கட்டடங்களின் முகப்பைக் காப்பது பற்றிப் பேசுவதால் பயன் அதிகமில்லை.

மே மாதத்து நண்பகலில் மதினா சந்திப்பிலிருந்து சார்மினார் நோக்கி நடப்பவர் வெயிலுக்கு ஒதுங்க விரும்பினால் இரண்டடி விலகினால் போதும். கருங்கல் தூண்களின் மேல் வளைவுகள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் நிழலான நடைகூடம். அதற்கும் உள்ளே முத்துக் கடைகளும் அத்தர் கடைகளும் துணிக்கடைகளும். கடைக்குள் நுழையாதவரும் எதையும் வாங்காதவரும் அந்த நிழலில் நிற்கலாம். நடைகூடத்தின் பெரும்பகுதியைக் கடைச் சரக்குகளே அடைத்துக்கொண்டிருப்பதும் உண்மை. என்றாலும் அந்த இடம் நடந்து போகிறவருக்கென்றே கட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. அதே நண்பகலில் ராய்துர்கம் மெட்ரோ நிலையத்திலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடப்பவருக்கு இருபது, முப்பது மாடிக் கண்ணாடிக் கோபுரங்கள் தெரிகின்றன. அவற்றில் ஒன்றன் நிழலைக்கூட அவர் நம்பி நடக்க முடியாது. அவர் நடக்கும் பாதையின் ஓரமாக ஓடுவது சுற்றுச்சுவர். இடையிடையே தடுப்புக் கம்பமும் காவலரும்.

கட்டடக்கலைக் கல்வியில் முகப்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் மெய், பொய் என்ற இருமைக்குள் நடக்கிறது. முகப்பு உள்ளிருக்கும் கட்டமைப்பை நேர்மையாகக் காட்டுகிறதா, அல்லது அதன்மேல் போர்த்திய வேடமா என்பதே அதன் மையக் கேள்வி. ஃபுளோரன்ஸ் நகரின் சான்டா மரியா நொவெல்லா தேவாலயத்துக்கு ஆல்பர்ட்டி வடிவமைத்து 1470இல் முடிந்த முகப்பு, முன்பே எழுந்திருந்த கட்டடத்தின் மேல் பின்னாளில் போர்த்தியது. அடால்ஃப் லூஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். லெ கொர்புசியே 1920களில் முகப்பைச் சுமை தாங்கும் வேலையிலிருந்து விடுவித்தார். வென்சுரி, ஸ்காட் பிரவுன், ஐசனர் ஆகிய மூவரும் 1972இல் வெளியிட்ட லாஸ் வேகாஸ் பற்றிய நூலில் ‘அலங்கரித்த கொட்டகை’ என்ற கருத்தை முன்வைத்து, வேடத்துக்கும் ஒரு நியாயம் உண்டு என்றனர்.

இந்த இருமை ஹைதராபாத்தைப் புரிந்துகொள்ள அவ்வளவாக உதவுவதில்லை. 1591இல் எழுந்த சார்மினாரே கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த உடலின் மேல் சுதை வேலைப்பாட்டைப் போர்த்தியிருக்கும் கட்டடம். 2019 மே மாதத்தில் அதன் மினார் ஒன்றிலிருந்து சுதைத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தபோது, தொல்லியல் துறை அதைச் சுண்ணாம்புக் கலவையாலேயே சரிசெய்தது. போர்வை விழுந்ததால் சார்மினாரின் பொய் வெளிப்பட்டுவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. தக்காணத்தில் முகப்பு எப்போதுமே ஓரளவு உடைதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த உடை வெளியே நிற்பவருக்கு என்ன தருகிறது?

பத்தர்கட்டி உருவான வரலாறு இக்கேள்விக்கு வழிகாட்டுகிறது. 1908 செப்டம்பரில் மூசி ஆற்றில் வந்த வெள்ளம் நகரின் ஒரு பகுதியை அழித்து, பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். வெள்ளத்தைத் தடுக்கும் நீர்த்தேக்கங்களுக்கான திட்டம் அவரது ஆலோசனையிலிருந்து பிறந்தது. 1911இல் பட்டமேறிய ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான் ஆட்சியில், 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. சாலைகளை அகலப்படுத்துவதும் நெரிசலான குடியிருப்புகளை அகற்றிப் புதிய வீடுகள் கட்டுவதும் வாரியத்தின் பணிகள். பத்தர்கட்டி அந்த வாரியத்தின் வேலை. ‘பத்தர்’ என்றால் கல். சாலையின் இருபுறமும் ஒரே அளவான கல் வளைவுகள், கீழே கடைகள், மேலே குடியிருப்பு என்று வாரியம் கட்டியது. கடைக்காரர் யாராக இருந்தாலும் முகப்பு ஒன்றுதான். 1935இல் முடிந்த மொஅஸ்ஸம் ஜாஹி சந்தையும் இதே காலத்து, இதே சிந்தனையின் கட்டடம். கருங்கல் சுவர், மணிக்கூண்டு, சந்திப்பை நோக்கித் திறந்த வாயில். வாரியத்தின் தலைவராக இருந்த நிஜாமின் இளைய மகனின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அழகைக் காட்டிலும் ஏற்பாடு. கடை தனியாருடையது, கடைக்கு முன்னுள்ள முகப்பும் அதன் நிழலும் தெருவுடையவை. இந்த ஏற்பாடு ஹைதராபாத்தின் தனிக் கண்டுபிடிப்பன்று. இத்தாலியின் பொலோஞா நகரம் 1288ஆம் ஆண்டுச் சட்டமொன்றில், வீடு கட்டுவோர் தெருப்பக்கம் தாழ்வாரம் விட்டே கட்ட வேண்டும் என்று விதித்தது. குதிரைமேல் வருபவர் தலை இடிக்காமல் போக வேண்டும் என்பதற்காக உயரமும் குறிக்கப்பட்டது: ஏழு பொலோஞா அடி, அதாவது ஏறத்தாழ 2.66 மீட்டர். கட்டுவதும் பழுது பார்ப்பதும் வீட்டுக்காரர் செலவு. நடப்பது எல்லோருக்கும் உரிமை. அந்நகரில் இன்று சுமார் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு அத்தகைய தாழ்வாரங்கள் உள்ளன. 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தமிழருக்கு இதற்காக இத்தாலி வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகளில் வாசற்கதவுக்கு முன் திண்ணை. திண்ணைக்கும் முன்னால், மரத்தூண்களின் மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம். திண்ணை வீட்டாருக்கும் விருந்தினருக்கும், தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. வீட்டின் செலவில் தெருவுக்குச் செய்த உபகாரம் அது. வைசியாள் வீதியில் இத்தகைய முகப்புகளை வரிசையாக மீட்டெடுத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு வீட்டுக்கென்றில்லாமல் ஒரு தெரு முழுவதற்குமாக முகப்பை மீட்டதே அதன் சிறப்பு. மறுபுறம், தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்டு, பிறகு சுவரெழுப்பி, கடைசியில் அதை ஓர் அறையாக்கிக்கொண்ட கதையும் எல்லோரும் அறிந்ததே.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

முதல் மறுப்பு: பழைய ஹைதராபாத் முழுவதும் பத்தர்கட்டியாக இருந்ததில்லை. பிரபுக்களின் மாளிகைகளான ‘தியோடி’கள் தெருவுக்கு உயரமான மதிலையும் பெரிய வாயிலையும் மட்டுமே காட்டின. கட்டடத்தின் முகம் உள்முற்றத்தை நோக்கி இருந்தது. அப்படியானால் இன்றைய கண்ணாடிக் கோபுரத்தின் சுற்றுச்சுவர் அந்த மதிலின் பேரப்பிள்ளைதானே? ஓரளவு உண்மை. ஆனால் தியோடிகளின் வெளிமதிலை ஒட்டிச் சிறு கடைகள் இருப்பது பல இடங்களில் வழக்கம். ‘மல்கி’ என்று வழங்கும் அந்தத் தெருமுகக் கடைகளின் பெயர் இந்நகரத்துச் சொத்துப் பத்திரங்களில் இன்றும் புழங்குகிறது. மாளிகை தெருவுக்கு முதுகு காட்டியபோதும் அந்த முதுகில் தையற்காரரும் வெற்றிலைக் கடைக்காரரும் அண்டிப் பிழைக்க இடமிருந்தது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கடுமையானது. பத்தர்கட்டியின் ஒழுங்கு ஒரு முடியாட்சியின் ஆணையால் வந்தது. சாலை அகலமானபோதும் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோதும் அங்கு வாழ்ந்தவர்களிடம் ஒப்புதல் கேட்ட ஆட்சி அது என்று கொள்ள முடியாது. சீரான முகப்பு என்பது பெரும்பாலும் சீரான அதிகாரத்தின் அடையாளம். இந்நகரின் மற்றொரு புகழ்பெற்ற முகப்பும் இதையே சொல்கிறது. கோட்டிப் பகுதியில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜேம்ஸ் அகில்லிஸ் கிர்க்பாட்ரிக் 1803 முதல் 1806 வரையான ஆண்டுகளில் எழுப்பிய மாளிகை, கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முகமண்டபமும் அகன்ற படிகளும் கல் சிங்கங்களுமாக நிற்கிறது. செலவு நிஜாமுடையது, முகப்பு அறிவித்த வல்லமையோ கம்பெனியுடையது. பணம் கொடுத்தவர் ஒருவர், முகம் காட்டியவர் வேறொருவர்.

ஆனால் அந்த மாளிகையின் பிற்காலக் கதை மறுப்புக்கு விடையாகவும் அமைகிறது. சுதந்திரத்துக்குப் பின் அது உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாயிற்று. அண்மையில் மகளிர் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒரு பேரரசின் செருக்கைச் சொல்வதற்காகக் கட்டிய படிகளில் பல தலைமுறைப் பெண்கள் ஏறி வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். தூண்கள் மாறவில்லை, முகப்பின் பொருள் மாறிவிட்டது. கட்டியவரின் எண்ணத்தால் மட்டும் ஒரு முகப்பின் பொருள் முடிவாவதில்லை. அதன் முன்னே யார் நிற்கலாம், யார் ஏறலாம் என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கிறது. பத்தர்கட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுவே. ஆணையிட்ட முடியாட்சி போய்விட்டது, நிழல் இருக்கிறது.

இனி இரண்டாம் விடைக்கு வரலாம். 1998 நவம்பரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்த சைபர் டவர்ஸ், நகரத்தின் மேற்கே ஒரு புதிய முகத்தை அறிமுகம் செய்தது. அதன்பின் வந்தவற்றில் கண்ணாடித் திரைச்சுவரே பொது மொழியாகிவிட்டது. கண்ணாடி, உலகத்தோடு சமமாக நிற்கும் நகரம் என்ற செய்தியைச் சொல்கிறது. முதலீட்டாளருக்கு அந்தச் செய்தி தேவை என்ற வாதமும் உண்டு. அதற்கான விலை வெயிற்காலத்தில் தெரிகிறது. ஹைதராபாத் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 17 பாகையை ஒட்டி அமைந்த நகரம்; ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். தாழ்ந்து வரும் மாலைச் சூரியனை மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரிலிருந்து மறைக்கக் கிடைமட்டமான சிறு நீட்டல்கள் போதா. உள்ளே புகுந்த வெப்பத்தைக் குளிர்சாதனம் வெளியே தள்ளுகிறது. வெளியே என்பது தெரு. முகப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் தெருவுக்கே வருகிறது. பத்தர்கட்டியின் முகப்பு தெருவுக்கு நிழலைக் கொடுத்தது. இந்த முகப்பு தெருவுக்குத் தன் வெப்பத்தையும் கூச்சத்தையும் கொடுக்கிறது.

இந்தியாவின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், அது வகுத்துக் கொடுக்கும் நேர்வழியைப் பின்பற்றும் கட்டடத்தில் சுவர்ப்பரப்பில் சாளரங்களின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. முந்தைய 2007 பதிப்பில் அந்த வரம்பு 60 விழுக்காடு. திசை திருந்தியிருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. தொழில்நுட்பம் இல்லாமலும் இல்லை. ஹைடெக் சிட்டியின் அருகிலேயே 2004இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், ஜாலிச் சுவர்களால் வெயிலை வடிகட்டிக்கொள்கிறது. கோல்கொண்டா மன்னர் காலத்துக் கல்லறைகள் முதல் பழைய நகர மாடங்கள் வரை பழகிய உத்தி அது. அந்த முன்மாதிரியைச் சுற்றி எழுந்த கோபுரங்களில் பெரும்பாலானவை அதைப் பார்த்து எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் கண்ணாடி மீது மட்டும் பழிபோடுவது எளிய வழி. ஆழமான காரணம் கட்டட விதிகளில் இருக்கிறது. 2006இல் வந்த திருத்திய விதிகள் ஹைதராபாத்தில் தளப்பரப்புக் குறியீட்டின் வரம்பை எடுத்துவிட்டன. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைச் சாலையின் அகலமும் நாற்புறமும் விடவேண்டிய ‘செட்பேக்’ இடைவெளியுமே முடிவு செய்கின்றன. உயரம் கூடக்கூட இடைவெளியும் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றிவர அந்த இடம் வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். கட்டடம் தெருவை விட்டு விலகி மனையின் நடுவே போய் நிற்கிறது. விட்ட இடத்தைச் சுற்றுச்சுவர் வளைத்துக்கொள்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்குக் கண்ணாடி தெரிந்தாலும், கண் மட்டத்தில் கட்டடம் தெருவுக்குக் காட்டும் முகம் அந்தச் சுற்றுச்சுவர்தான். அதை எந்தக் கட்டடக்கலைஞரும் முகப்பாக நினைத்து வரைவதில்லை. எந்த அனுமதி அலுவலகமும் முகப்பாக நினைத்துச் சோதிப்பதில்லை. நகரத்தின் மேற்குப் பகுதியில் கிலோமீட்டர் கணக்கில் நீளும் உண்மையான முகப்பு, யாரும் வடிவமைக்காத முகப்பு.

பாரம்பரியச் சட்டத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் 1981ஆம் ஆண்டு மண்டல ஒழுங்குமுறைகளில் 1995இல் சேர்ந்த 13ஆம் விதி, பட்டியலிட்ட கட்டடங்களுக்கு ஓரளவு காப்பளித்தது. 2015 டிசம்பரில் மாநில அரசு அந்த விதியை நீக்கியது. 2017இல் தெலங்கானா பாரம்பரியச் சட்டம் வந்தது. 2019 ஜூனில், புதிய சட்டமன்றம் கட்டுவதற்காக இர்ரம் மன்சிலை இடிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நவாப் ஃபக்ருல் முல்க் கட்டிய மாளிகை அது. செம்மண் குன்றின் மேல் நிற்பதால் தெலுங்கில் சிவப்பைக் குறிக்கும் ‘எர்ர’ என்ற சொல்லும், சொர்க்கத்தோட்டத்தைக் குறிக்கும் ‘இரம்’ என்ற பாரசீகச் சொல்லும் சேர்ந்தொலிக்கும்படி பெயர் வைத்தார் என்பார்கள். தெலங்கானா உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் அமைச்சரவை முடிவை ரத்து செய்தது. மாளிகை தப்பியது. ஆனால் தப்பியதற்குப் பிறகு என்ன? சுதை உதிரும் ஒரு முகப்பு, உள்ளே நுழைய யாருக்கும் காரணமில்லாத ஒரு குன்று. இடிப்பிலிருந்து காப்பாற்ற நீதிமன்றத்தால் முடியும். கட்டடத்துக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுப்பது அதன் வேலையன்று.

இதற்கு நேர்மாறான காட்சி உசேன் சாகர் ஏரிக்கரையில். 1888இல் எழுந்த சைஃபாபாத் அரண்மனைக் கட்டடத்தையும் உள்ளடக்கிய பழைய தலைமைச் செயலகம் 2020 ஜூலையில் இடிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 30 அன்று புதிய செயலகம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் சென்னையைச் சேர்ந்த ஆஸ்கர், பொன்னி கன்செசோ தம்பதியர். குவிமாடங்களும் வளைவுகளும் நிறைந்த முகப்பு. வனபர்த்தி அரண்மனையும் நிஜாமாபாத் நீலகண்டேசுவரர் கோயிலும் முன்மாதிரிகளாகச் சொல்லப்பட்டன. ஒரு பழைய முகப்பை இடித்துவிட்டு, பழமையை நினைவூட்டும் புதிய முகப்பை எழுப்பிய இந்த முரணைப் பலர் சுட்டியிருக்கிறார்கள். குவிமாடம் கான்கிரீட்டின் மேல் இருப்பதால் அது பொய் என்று சொல்லத் தேவையில்லை. தூரத்திலிருந்து படமெடுப்பதற்கு ஏற்ற முகப்பு அது. வேலியும் புல்வெளியும் தாண்டி நிற்கும் அதன் அருகே, மனு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒருவர் எங்கே நிற்பார் என்று கேட்டால், அதன் குறை விளங்கும்.

மீட்டெடுப்புப் பணிகளும் இந்தச் சோதனைக்கு உட்பட்டவையே. சார்மினாரைச் சுற்றிய நடைபாதைத் திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. முகப்புகளைச் சுத்தம் செய்வது, பெயர்ப்பலகைகளை ஒரே அளவாக்குவது, தொங்கும் கம்பிகளை மறைப்பது எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் முகப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற நியாயத்தின் அடுத்த படியாக, அதன் முன்னே நிற்கும் தள்ளுவண்டிகளும் தரைக்கடைகளும் ‘மறைப்பவை’ என்று கருதப்படுகின்றன. வளையல், பழம், சுண்டல் விற்பவர்கள் படத்தைக் கெடுப்பவர்களாகிறார்கள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குத் தந்த உரிமைகள் முகப்பின் அழகுக்கு எதிரானவையாகத் தோன்றத் தொடங்குகின்றன. இங்கேதான் முகப்பைக் காப்பது என்ற நல்ல சொல் ஆபத்தானதாகிறது. ஒதுங்கி நிற்கக் கட்டிய வளைவைக் காப்பதற்காக ஒதுங்கி நிற்பவரை அப்புறப்படுத்தினால், எஞ்சுவது நாடகத் திரைச்சீலை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு மொஅஸ்ஸம் ஜாஹி சந்தை சான்று. பல ஆண்டுப் புறக்கணிப்புக்குப் பின் மீட்கப்பட்டு 2020இல் மீண்டும் திறக்கப்பட்ட அதன் கருங்கல் முகப்பு தெளிவாகத் தெரிகிறது. மணிக்கூண்டு மணி காட்டுகிறது. உள்ளே கடைகளும் இருக்கின்றன. மாலையில் ஐஸ்கிரீம் கடைகளின் முன் கூடும் குடும்பங்களுக்கு அது அருங்காட்சியகமாகத் தெரிவதில்லை. சந்தை சந்தையாகவே இருப்பதால்தான் அதன் முகப்புக்கு இன்றும் வேலை இருக்கிறது.

அடுத்த பெரிய சோதனை உஸ்மானியா பொது மருத்துவமனை. 1908 வெள்ளத்தில் அழிந்த அஃப்சல்கஞ்ச் மருத்துவமனைக்குப் பதிலாக, வின்சென்ட் எஷ் வடிவமைப்பில் 1920களில் எழுந்த கட்டடம் அது. அதன் குவிமாடங்களும் நீண்ட மாடங்களும் மூசியின் வடகரையில் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. எதிர்க்கரையில் உயர்நீதிமன்றமும் சிட்டி கல்லூரியும். நீதி, கல்வி, மருத்துவம் மூன்றும் ஓர் ஆற்றின் குறுக்கே ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி அமைந்த இந்த முகப்பு வரிசை, இந்திய நகரங்களில் அரிது. 2015இல் அக்கட்டடத்தை இடிக்கும் யோசனை எழுந்தது, எதிர்ப்பால் நின்றது. 2020 ஜூலையில் மழைநீரும் கழிவுநீரும் வார்டுகளுக்குள் புகுந்தபின் பழைய கட்டடத்திலிருந்து நோயாளிகள் வெளியேற்றப்பட்டனர். 2025 ஜனவரி 31 அன்று கோஷாமஹாலில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பழைய கட்டடம் இடிபடாமல் நிற்குமானால் பாரம்பரிய ஆர்வலர்கள் நிம்மதி அடையலாம். ஆனால் அந்த முகப்பின் பொருள் அங்கே கிடைத்த மருத்துவத்தில் இருந்தது. தெலங்கானாவின் மாவட்டங்களிலிருந்து வந்த ஏழை நோயாளியும், இரவெல்லாம் வளாகத்தில் படுத்துக் காத்திருக்கும் அவரது உறவினரும், அரண்மனைக்கு நிகரான ஒரு கட்டடம் தமக்காகவும் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒரு நூற்றாண்டுக் காலம் கண்டார்கள். ஒழுகும் கூரையின் கீழ் அவர்களைப் படுக்க வைத்துக் கட்டடத்தின் பெருமை பேசுவது கொடுமை. புதிய மருத்துவமனை தேவை என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டத்துக்காக 2024இல் மூசிப் படுகையின் வீடுகள் அடையாளமிடப்பட்டன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கரை அழகாகி, முகப்பு ஒளியூட்டப்பட்டு, உள்ளே நுழைவுக்கட்டண அரங்கமோ சொகுசு விடுதியோ வருமானால், கட்டடம் காக்கப்பட்டதாகப் பதிவாகும். அதன் முகம் யாரை நோக்கித் திரும்பியிருந்ததோ அவர்களுக்கு மட்டும் அங்கே வேலையிருக்காது. புறநோயாளர் பிரிவோ மகப்பேறு ஆலோசனை மையமோ செவிலியர் கல்லூரியோ, ஏழைகள் காரணத்தோடு ஏறிவரக்கூடிய ஏதேனும் ஒன்று அங்கே தொடர வேண்டும் என்று கேட்பது, கல்லைக் காப்பதற்குச் சமமான பாதுகாப்புக் கோரிக்கையே.

இந்த வாதத்திலிருந்து மூன்று நடைமுறைப் படிகள் பிறக்கின்றன. முதலாவது, பாரம்பரியப் பட்டியல்கள் கட்டடத்தின் பாணியையும் ஆண்டையும் பதிவதோடு, அதன் முகப்பை யார் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பதிய வேண்டும். பத்தர்கட்டியின் பதிவில் தூண் எண்ணிக்கை இருந்து, அங்கே கடை விரிப்பவர்கள் இல்லாவிட்டால் அது அரைப்பதிவு. இரண்டாவது, புதிய சாலைகளில் கட்டட விதி தெருப்பக்க இடைவெளியைச் சுற்றுச்சுவரால் அடைக்க விடாமல், நிழலான பொது நடைகூடமாகக் கேட்க வேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுப்போருக்கு மாற்றத்தக்க கட்டட உரிமைகளை வழங்கும் முறை ஹைதராபாத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நிழல் கொடுப்போருக்கும் அதை நீட்டிப்பதில் தடையென்ன? மூன்றாவது, பொதுப்பணத்தில் நடக்கும் முகப்பு மீட்டெடுப்பு எதுவாயினும், அங்குள்ள தெரு வியாபாரிகளின் இடத்தை முதலில் வரைபடத்தில் உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரும் புரட்சியன்று. நூறாண்டுகளுக்கு முன் ஒரு முடியாட்சி ஆணையிட்டுச் செய்ததை, ஒரு மக்களாட்சி சட்டமியற்றி, பேசி, இடம்பெயர்க்காமல் செய்ய முடியுமா என்பதே கேள்வி. கட்டடக்கலை மாணவர்கள் முகப்பை வரையும்போது அதன் முன்னே அளவு காட்டுவதற்காக ஓரிரு மனித உருவங்களை வரைவது வழக்கம். பெரும்பாலும் கடைசியில், படத்தை முடிக்கும் நேரத்தில் வரைவார்கள். அந்த உருவம் யார், வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்கு உள்ளே போக உரிமை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டு வரையத் தொடங்கினால், ஹைதராபாத்தின் அடுத்த நூறாண்டு முகப்புகள் வேறாக இருக்கும்.